ஒன்ராறியோவில் இலையுதிர் காலம்: பிள்ளைகளோடு எதை, எந்த வாரத்தில், எப்படிச் செய்வது

ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த சொந்தக்காரர்கள் செப்டெம்பர் பிறந்தால் என்னிடம் கேட்பது, "இலை பார்க்கப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்றுதான். எங்கே என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். எப்போது என்பதில்தான் பிசகுகிறது. இந்தக் காலம் ஆறேழு வாரம்தான் நிற்கும். அதற்குள் மீனுக்கு ஒரு வாரம், அப்பிளுக்கு ஒரு வாரம், இலைக்கு ஒரு வாரம் என்று தனித்தனியாக உண்டு. தப்பவிட்டால் அடுத்த வருடம்தான்.

நாலு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை, அல்லது கொஞ்சம் போதும்.

1. முதலில் கலண்டரில் குறியுங்கள்

செப்டெம்பர் நடுப்பகுதி: ஆற்றில் ஏறும் சால்மன் மீன். செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதல் வாரமும்: அப்பிள் தோட்டம். ஒக்டோபர் தொடக்கத்தில் வடக்கே இலை நிறம், ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு ரொறன்ரோவுக்குள் இலை நிறம். ஒக்டோபர் கடைசி வாரம்: பூசணிக்காய்.

இந்த வரிசையை நாங்கள் மாற்ற முடியாது. ஒரு வருடம் வேலை நெருக்கடியில் தள்ளித்தள்ளி, நவம்பர் முதல் வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மூன்று மணித்தியாலம் வடக்கே ஓடினேன். மரமெல்லாம் மொட்டை. பின் சீற்றிலிருந்து சின்னவள் கேட்டாள்: "அப்பா, இலை எங்க?" திரும்பி வரவும் மூன்று மணித்தியாலம்.

குறிக்கும்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும், நவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகும் நாட்களையும், தீபாவளியையும் முதலில் போட்டுவிடுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு விஷயம் என்று வையுங்கள். அப்பிளும் இலையும் பூசணியும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வெளிக்கிடுபவர்களின் பிள்ளைகள் பின்னேரம் மூன்று மணிக்கு அழத் தொடங்குவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். சின்னப் பிள்ளைக்கு வெளியில் இரண்டு மணித்தியாலம் போதும்.

2. உடுப்பு: ஒரு தடித்த ஜக்கெட் வேண்டாம், மூன்று மெல்லிய அடுக்கு

ஒக்டோபர் காலையில் 5 பாகை, மத்தியானம் 17 பாகை என்று ஒரே நாளில் ஏறும். குளிருக்குப் பயந்து பனிக்கால ஜக்கெட்டை மாட்டிவிட்டால், பிள்ளை ஓடி விளையாடி வியர்க்கும். பிறகு அதைக் கழற்ற, வியர்வை காற்றில் குளிரும். தடிமன் பிடிப்பது குளிரால்தான் என்று அம்மம்மாமார் சொல்லுவார்கள். அது உண்மையோ இல்லையோ, ஈர உடுப்போடு நிற்கும் பிள்ளை சிணுங்கும் என்பது நிச்சயம்.

உள்ளே ஒரு நீளக்கை பெனியன், அதன்மேல் ஸ்வெற்றர், அதன்மேல் காற்றையும் தூறலையும் மறிக்கும் மெல்லிய மேலங்கி. நீளக் காற்சட்டை கட்டாயம். காரணம் 6ஆவதில் வருகிறது.

காரில் ஏற்றும்போது மேலங்கியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் சீற் பட்டியைப் பூட்டுங்கள். தடித்த உடுப்பின்மேல் பட்டி இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதினால் உடுப்பு அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும்.

காரின் பின்பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும்: ஆளுக்கு ஒரு சோடி மேலதிக காலுறை, ஒரு காற்சட்டை, ஒரு பழைய துவாய், பிளாஸ்டிக் பை இரண்டு. சேற்றுச் சப்பாத்தைப் போட ஒரு பை, ஈர உடுப்புக்கு ஒரு பை.

3. சால்மன் பார்க்க: மழைக்கு மறுநாள் காலை

ஸ்காபரோக்காரருக்கு இது வாசலிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் முட்டையிட ஹைலன்ட் கிறீக்கில் ஏறி வரும். மோர்னிங்சைட் பூங்காவிலும் கேர்ணல் டான்போர்த் பூங்காவிலும் கரையில் நின்றே பார்க்கலாம். மீன் துள்ளுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில் பக்கம் உள்ள சிறு அணைகள் நல்லவை. ஒரு மணித்தியாலம் ஓடத் தயாரென்றால் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்று அணையடி.

மழை பெய்து மறுநாள் போங்கள். தண்ணீர் கூடினால்தான் மீன் மேலே ஏற முடியும். மழையில்லாத வாரத்தில் போய், ஒரு மீனையும் காணாமல், "சும்மா சொன்னது" என்று திரும்பியவர்கள் உண்டு. காலை அல்லது பொழுதுபடும் நேரம் நல்லது. தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தால் முறைமாறிப் போட்டுப் பார்க்கக் கொடுங்கள். அடியில் நிற்கும் மீன் திடீரென்று தெரிவதில் பிள்ளைகளுக்குப் பெரிய புளுகம்.

வீட்டிலிருந்து வெளிக்கிட முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்த மீன் முட்டையிட்ட பிறகு செத்துவிடும். கரையில் செத்த மீன் கிடக்கும், மணக்கும். முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிப்போனால் அந்த நாள் முழுவதும் அதே கேள்விதான். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவார்கள்.

தண்ணீருக்குள் இறங்கவோ கல்லெறியவோ விடாதீர்கள். சரளைக் கற்களுக்குள்தான் முட்டை இருக்கிறது.

4. அப்பிள் தோட்டம்

*போக முன்.* தோட்டத்தின் இணையத்தளத்தில் மூன்று விஷயம் பாருங்கள். அந்த வாரம் என்ன இனம் பழுத்திருக்கிறது, நுழைவுச்சீட்டு முன்பே எடுக்க வேண்டுமா, வெளிச் சாப்பாடு விடுவார்களா. மூன்றாவதைப் பாராமல் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், காருக்குள் இருந்து சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது.

போமன்வில், விற்பி, மில்ரன் பக்கமெல்லாம் தோட்டங்கள் உண்டு. பத்து மணிக்குத் திறந்தால் பத்து மணிக்கே நில்லுங்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாகனம் நிறுத்தவே அரை மணித்தியாலம் போகும், கைக்கெட்டும் கிளைகளும் வெறுமையாகிவிடும்.

*எந்த இனம்.* மக்கின்ரொஷ் செப்டெம்பர் நடுப்பகுதியில் வரும். காலா, ஹனிகிறிஸ்ப் அதன் பின்னால் வரும். எம்பயர் ஒக்டோபர் தொடக்கம். நோர்தேர்ன் ஸ்பை கடைசியில். பிள்ளைகள் கடித்துச் சாப்பிட ஹனிகிறிஸ்ப்பும் காலாவும். மக்கின்ரொஷ் அடுப்பில் வைத்தால் கரைந்துவிடும். அதனால் ஏலக்காயும் கறுவாவும் போட்டுக் களிபோலக் கிண்டி, பாணில் பூச அதுதான் நல்லது. ஹனிகிறிஸ்ப்புக்கு எல்லாரும் அடிபடுவதால், நான் மற்ற வரிசைக்குத்தான் போவேன்.

*எவ்வளவு பெரிய பை.* புதிதாக வருபவர்களின் பெரிய தவறு இங்கேதான். தோட்டங்களில் அளவு பெக், புஷெல் என்று இருக்கும். ஒரு பெக் ஏறக்குறைய நாலரைக் கிலோ. அரைப் புஷெல் ஒன்பது கிலோவுக்குக் கிட்ட. "அரை" என்ற சொல்லைப் பார்த்துச் சின்னதாக்கும் என்று வாங்கிவிடுவார்கள். நாலு பேருள்ள வீட்டுக்கு ஒரு பெக் தாராளம்.

*பறிக்கும் முறை.* இதை முதல் மரத்தில் நீங்கள் செய்து காட்டிவிட்டுத்தான் பிள்ளைகளை விடவேண்டும். உள்ளங்கையைப் பழத்துக்குக் கீழே வைத்து, மேல்நோக்கி உயர்த்தி, மெல்லத் திருக வேண்டும். பழுத்தது காம்போடு கையில் வரும். கீழ்நோக்கி இழுத்தால் பழத்தோடு குட்டைக் கிளையும் முறிந்து வரும். அடுத்த வருடத்து மொட்டு அதில்தான் இருக்கிறது. இழுக்கிற வேகத்தில் பக்கத்துப் பழம் நாலு நிலத்தில் விழுவதும் வழமை.

சிவப்பு என்பதற்காகப் பறிக்க வேண்டாம். சிவப்புக்கு அடியில் தெரியும் பின்னிறத்தைப் பாருங்கள், பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஒன்றை வெட்டுங்கள். விதை கபிலமாக இருந்தால் பழுத்துவிட்டது, வெள்ளையாக இருந்தால் இன்னும் இல்லை. அதைக் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். எங்கள் வீட்டில் இப்போது யாரும் அப்பிளை நெடுக்காக வெட்டுவதில்லை.

வெளிப்பக்கத்துக் கிளையில், வெயில் படும் பழம் முதலில் பழுக்கும். பெரும்பாலான தோட்டங்களில் மரம் குட்டை, பிள்ளைகளுக்கே எட்டும். ஏற விடாதீர்கள்.

நிலத்தில் விழுந்ததை எடுக்கவோ சாப்பிடவோ வேண்டாம். மான் முதலியவை திரியும் இடம், எச்சம் பட்டிருக்கும். அழுகல் பழத்தில் குளவியும் மொய்க்கும். செப்டெம்பரில் குளவி இனிப்பைத் தேடி அலையும், திறந்த சோடாப் பேணிக்குள் இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு மூடியுள்ள போத்தலே கொடுங்கள்.

*வீட்டில்.* கழுவிவிட்டு அடுக்காதீர்கள். சாப்பிடும்போது கழுவினால் போதும். ஈரம் பட்டால் கெதியில் பழுதாகும். அடிபட்டதைப் பிரித்து முதலில் முடியுங்கள். மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில், கரட்டுக்குத் தள்ளி வையுங்கள். அப்பிளிலிருந்து வரும் எதிலீன் வாயு பட்டால் கரட் கசக்கும்.

5. இலை பார்க்கப் போவது

நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். வடக்கே உள்ள அல்கொன்குவின் மாகாணப் பூங்காவில் சீனி மேப்பிள் மரம் செப்டெம்பர் கடைசியில், ஒக்டோபர் தொடக்கத்தில் உச்சம். ரொறன்ரோவில் அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எந்தப் பூங்காவில் நிறம் எவ்வளவு என்று அறிக்கை போடும். போன வருடம் யாரோ போட்ட படத்தை நம்பாமல் அதைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள்.

மாகாணப் பூங்காவுக்கு வாகன அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ஒக்டோபர் இரண்டாவது திங்கள் தாங்க்ஸ்கிவிங். அந்த நீண்ட வார இறுதியில் அனுமதி முடிந்துவிடும், 400ஆம் நெடுஞ்சாலை அசையாது. வாசல்வரை போய்த் திரும்பி வருவதைப்போல ஒரு கவலை இல்லை.

என் அபிப்பிராயம்: ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு அல்கொன்குவின் தேவையில்லை. போய்வர ஆறு மணித்தியாலம் சீற்றில் கட்டிவைத்து, ஒரு மணித்தியாலம் இலை பார்ப்பது பெரியவர்களின் ஆசை. ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு நுழைவுக் காசு இல்லை. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் விஸ்ரா பாதையில் பார்வை மேடை ஒன்று உண்டு. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் கீழே தெரியும்.

நடக்கும்போது பிள்ளைக்குக் களைப்பு வர முன்பே திரும்புங்கள். போன தூரம் அவ்வளவும் திரும்பியும் நடக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

"ஏன் நிறம் மாறுது?" என்று கேட்பார்கள். பதில் சுருக்கமாக இருக்கட்டும். பகல் குறையக் குறைய இலை பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. பச்சை போக, முன்பே உள்ளே இருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, இலைக்குள் சிக்கிய சீனியிலிருந்து அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்த வருடம் சிவப்பு கூடுதலாகப் பளிச்சிடும்.

6. வீடு திரும்பியதும் உண்ணி பார்த்தல்

இதைத் தவறவிடாதீர்கள். ரூஜ் உட்பட இந்தப் பக்கத்துக் காடுகளில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி உண்டு. குளிர் வந்ததும் அது போய்விடும் என்று நினைக்கிறார்கள், ஆனால் 4 பாகைக்கு மேலே இருந்தால் அது நடமாடும்.

போகும்போது காற்சட்டைக் காலைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாதையின் நடுவில் நடக்கச் சொல்லுங்கள், ஓரத்து நீளப் புல்லில்தான் உண்ணி காத்திருக்கும். வந்ததும் உடுப்பைத் துவைக்க முன்பே உலர்த்தியில் அதிக சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள். குளிர்ந்த, மிதமான சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது, காய்ந்த சூட்டில் சாகும். பிறகு பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டே அக்குள், முழங்காலின் பின்பக்கம், காதின் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்புக்குச்சி வைப்பது ஒன்றும் வேண்டாம். எடுத்த பிறகு மருத்துவரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கேளுங்கள்.

7. இலை சேர்த்துப் பதப்படுத்துதல்

தேசியப் பூங்காவிலும் மாகாணப் பூங்காவிலும் எதையும் எடுத்து வர அனுமதியில்லை. இலையை உங்கள் தெருவில் சேருங்கள். வாசலடியில் விழுவதே ஒரு வகுப்புக்குப் போதும்.

சேர்க்க முன் பொய்சன் ஐவியைப் பிள்ளைக்குப் படத்தில் காட்டுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை. இலையுதிர் காலத்தில் அது அழகான சிவப்பாக மாறும், அதனால்தான் சிவப்பு இலை தேடும் பிள்ளை நேரே அதில் கைவைக்கும். தொட்டால் ஓரிரு நாள் கழித்துத் தோல் கொப்பளிக்கும். எங்கள் வீட்டுச் சட்டம்: நிலத்தில் விழுந்த, தனி இலையை மட்டும் எடுக்கலாம்; செடியிலோ கொடியிலோ பிடுங்கக்கூடாது. விழுந்த இலையிலும் தோலைக் கொப்பளிக்க வைக்கும் எண்ணெய் இருக்கும் என்பதால், மரமில்லாத புதர் ஓரத்தில் சேர்க்க விடுவதில்லை. தொட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பதப்படுத்தும் வரிசை இது. அன்றன்றைக்கு விழுந்த, வளையும் இலையாக எடுங்கள், மொறுமொறுத்தது உடையும். ஈரத்தைத் துவாயால் ஒற்றுங்கள். பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, மேலே பாரமான புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளை மாற்றுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். முதல் தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும், மாற்றாவிட்டால் இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தயார்.

அவ்வளவு பொறுமையில்லாத பிள்ளைக்கு: இலையை நரம்புப் பக்கம் மேலே வரும்படி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிறேயோனைப் படுக்கவைத்து உரசச் சொல்லுங்கள். பக்கத்தைத் திருப்பி வைத்தால் ஒன்றும் விழாது.

8. சருகுக் குவியலில் குதித்தல்

காய்ந்த நாளில், வீட்டு முற்றத்துக்குள் மட்டும். வாரும்போது தடியையும் கல்லையும் பொறுக்கிவிடுங்கள், நாய் மலம் இருக்கிறதா பாருங்கள். தெருவோரத்தில் குவிக்கவே வேண்டாம். குவியலுக்குள் ஒளிந்த பிள்ளை கார்க்காரருக்குத் தெரியாது. ரொறன்ரோவில் சருகைக் கடுதாசிப் பையிலோ மூடியில்லாத உறுதியான தொட்டியிலோ போட்டு வைத்தால்தான் எடுப்பார்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் விட்டுவிட்டுப் போவார்கள். பையை விரித்துப் பிடிப்பது சின்னவர்களின் வேலை.

9. பூசணிக்காய்: ஒக்டோபர் 28க்கு முன் வெட்டாதீர்கள்

ஹலோவீனுக்கு முகம் வெட்டி விளக்கேற்றும் பூசணியைக் கடைகளில் செப்டெம்பரிலேயே குவித்துவிடுவார்கள். வாங்குங்கள், முழுதாக வெளியில் குளிரில் வையுங்கள், வெட்ட மட்டும் அவசரப்படாதீர்கள். வெட்டியது சில நாளில் சுருங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஹலோவீன் 31ஆம் திகதி; இரண்டு மூன்று நாள் முன்னர் வெட்டினால் போதும். என் அம்மா முதல் தடவை பார்த்தபோது, "வாசல்ல வச்சிருக்கிறது கண்ணூறுக்கோ?" என்று கேட்டார். அணில் வந்து பூசணியின் காதைக் கடித்த பிறகு அவரே வந்து காவல் இருந்தார்.

*தெரிவு.* அடி தட்டையாக, ஆடாமல் நிற்க வேண்டும். பெருவிரலால் அமத்தினால் பதியக்கூடாது. காம்பில் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்று காலில் விழும். கறிக்கென்றால் சின்னதாக, இனிப்பான, pie என்னும் பலகாரம் செய்யும் பூசணியைத் தனியாக வாங்குங்கள். முகம் வெட்டும் பெரிய காய் நாரும் தண்ணீருமாக இருக்கும், கறி சப்பென்று போகும்.

*வெட்டும் வரிசை.* மேசையில் பத்திரிகை விரியுங்கள். மூடியைச் சாய்வாக வெட்டுங்கள், கத்தி நுனி நடுவை நோக்கி இருக்கட்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். உள்ளே வழிப்பது பிள்ளைகளின் வேலை, கரண்டியைக் கொடுத்துவிட்டு விலகுங்கள். முகம் வரும் பக்கத்துச் சுவரை இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு மெல்லிதாகச் சுரண்டுங்கள். தடிப்பாக இருந்தால் பல்வாள் சிக்கும், கை சறுக்கும்.

முகத்தைப் பிள்ளை கீறட்டும், பெரியவர் வெட்டட்டும். சமையல் கத்தி வேண்டாம். கடையில் விற்கும் சின்னப் பல்வாள் மெதுவாக வெட்டும், ஆனால் கை தப்பும். முகத்தின் பல்லைக் கடைசியில் வெட்டுங்கள். முதலில் வெட்டினால் மற்றதை அமத்தும்போது அது முறியும்.

உள்ளே மெழுகுதிரியை விட மின்கல விளக்கு நல்லது. நெருப்பின் சூட்டில் உட்புறம் வெந்து கெதியில் அழுகும், வாசலில் நீள உடுப்போடு பிள்ளைகள் வேறு குனிவார்கள். ஆறு மணி கடந்ததும் பொழுது பட்டுவிடும், அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

*விதை.* எறியாதீர்கள். கழுவி, துவாயில் நன்றாக ஒற்றி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, 150 பாகை செல்சியஸ் அவணில் அரை மணித்தியாலம் வையுங்கள், நடுவில் ஒருமுறை கிளறுங்கள். ஈரத்தோடு வைத்தால் மொறுமொறுக்காது, அவிந்த விதையாக வரும்.

நவம்பர் முதலாம் திகதி விளக்கை எடுத்துவிட்டு, பூசணியைச் சருகோடு வைப்பதா, சமையலறைக் கழிவு போடும் பச்சைத் தொட்டியில் போடுவதா என்று நகரசபைத் தளத்தில் பார்த்துச் செய்யுங்கள். மெழுகு சொட்டியிருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். பச்சைத் தொட்டியென்றால் பெரிய காயை நாலாக வெட்டித்தான் போடவேண்டும், முழுதாகப் போட்டால் மூடி பூட்டாது, இரவு ரக்கூன் வந்து மிச்சத்தையும் வாசல் முழுக்க இழுத்துவிடும்.